முயல் சுட ஒரு ஸ்கோப்

ராயபுரம்
4 மார்ச் 2024

ராசையாவுக்கு,

முதலில் ஒரு திருத்தம். என் கணவரை, உன் மாமாவை, நான் கடையை விட்டுத் துரத்தினேன் என்று திருவொற்றியூரில் நம் ஆட்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த உன் மகள் டெபோராவின் காதிலும் அதைப் போட்டிருக்கிறார்கள். அவள் நேராக என்னிடம் வந்து, "மெய்யாலுமா அத்தை?" என்று கேட்டாள். இல்லை. நான் யாரையும் துரத்தவில்லை. கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல. சாவியை வாங்கிய பிறகும் அவர் கடைக்கு மேலே இதே மாடி வீட்டில் என்னோடுதான் இருந்தார். நான் சமைத்ததைத்தான் சாப்பிட்டார். மூன்று வருடம் கழித்து என் கண் முன்னால்தான் இறந்தார். அந்தக் கதையைத் தொடங்கி வைத்தவன் நீ என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இனி உன் கடிதம். பதினோரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு எழுதுகிறவன் அக்காவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான் என்று நினைத்தேன். நீ, முயல் சுடும் துப்பாக்கிக்கு விலை குறைந்த ஸ்கோப் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். போகட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என் வழக்கம்.

இங்கே முயலைச் சுட்டால் உள்ளே தள்ளிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் அது பயிரைத் தின்னும் பிராணி, பண்ணைக்காரர் அனுமதி கொடுத்திருக்கிறார், உன்னிடம் உரிமமும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன்.

துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஸ்கோப் என்பது ஒரு சின்னத் தொலைநோக்கி. கப்பல்காரர்களின் பைனாகுலர்களை உன் மாமா நம் கடையில் முப்பத்தைந்து வருடம் கழற்றிப் பழுதுபார்த்துப் பூட்டினார். ஒவ்வொன்றையும் மொட்டைமாடிக்கு எடுத்துப்போய், துறைமுகக் கிரேனின் நீட்டிய கையைப் பார்த்து, கோடு நேராக இருக்கிறதா என்று சோதித்துச் சரி சொன்னவள் நான். ஆகையால் கேட்டுக்கொள்.

அறுபது மீட்டரில் உட்கார்ந்திருக்கும் முயலுக்கு நாலு பவர் போதும். மூன்றிலிருந்து ஒன்பது வரை மாற்றுகிற மாதிரி கிடைத்தால் வாங்கு, அதற்கு மேல் வேண்டாம். பவர் கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். முன்பக்க லென்ஸ் நாற்பது மில்லிமீட்டர் இருக்கட்டும். ஐம்பது வாங்கினால் அதிக வெளிச்சம் வரும் என்று கடைக்காரன் சொல்வான். வரும். ஆனால் நம் வயதில் கண்ணின் பாப்பா அவ்வளவு விரியாது. வருகிற வெளிச்சம் புருவத்தில்தான் விழும். கண்ணுக்கும் பின்பக்க லென்ஸுக்கும் மூன்றரை அங்குலம் இடைவெளி கிடைக்கிறதா பார். இல்லாவிட்டால் சுடும்போது நெற்றியைக் கிழிக்கும். உன்னுடையது போன்ற சின்னத் துப்பாக்கிக்கென்று ஐம்பது கெஜத்துக்குப் பொருத்திய ஸ்கோப்புகள் தனியாக வருகின்றன. அதைக் கேட்டு வாங்கு. உள்ளே சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு எல்லாம் வேண்டாம். விலை குறைவாக இருக்கலாம், அதில் தப்பில்லை. குறைந்த விலைக்குப் பத்து வேலை செய்வதாகச் சொல்கிற பொருள் ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யாது.

வேறு ஒன்றும் இல்லை. பதில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

பிலோமி

27 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை டெபோராவுக்குப் படித்துக் காட்டினேன். "அத்தை லெட்டர் எழுதிச்சா, கொஸ்டின் பேப்பர் எழுதிச்சா?" என்று கேட்கிறாள். உன் உடம்பைப் பற்றி நான் விசாரிக்கவில்லை என்பது நிஜம். முதல் காகிதத்தில் விசாரித்திருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே நடிப்பாகத் தெரிந்தது, கிழித்துவிட்டேன். ஸ்கோப்பைப் பற்றிக் கேட்டால் நீ பதில் எழுதாமல் இருக்கமாட்டாய் என்று தெரியும். அதனால் அதை மட்டும் எழுதினேன்.

ஆனால் உன் பதில் வருவதற்குள் அவசரப்பட்டு ஒன்று வாங்கிவிட்டேன். கோபப்படாதே. ஆன்லைனில் பாதி விலைக்குப் போட்டிருந்தான். இருபத்து நாலு பவர், ஐம்பது மில்லிமீட்டர், சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு இரண்டும் உண்டு. நீ வேண்டாம் என்று சொன்ன அத்தனையும் ஒரே குழாயில் இருக்கிறது.

எனக்கு ஏன் இந்த வேட்டை என்று நீ நினைக்கலாம். இங்கே டெபோராவும் மருமகனும் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். தமிழ் பேச ஆள் கிடையாது, இங்கிலீஷ் பேசவும் கிடையாது. சனிக்கிழமை மட்டும் அந்தப் பண்ணைக்காரர் வண்டியோடு வாசலில் வந்து நிற்பார். என்னைவிட ஐந்து வயது பெரியவர். போன வருடம் நான் சுட்ட முயல்களைப் பார்த்து ஊரெல்லாம் சொல்லிவைத்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன் குறி தப்பமாட்டான் என்றார். சுடுகிறவரைக்கும்தான் எனக்கு அந்த வண்டியில் இடம்.

இந்த வருடம் குறி தப்புகிறது. துப்பாக்கியோடு வந்த பழைய ஸ்கோப் சரியில்லை என்றுதான் புதிது வாங்கினேன். இதிலும் கோளாறு. உள்ளே தெரிகிற குறுக்குக்கோடு, நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் இடப்பக்கத்தில், சூடு பட்ட கம்பி மாதிரி வளைந்திருக்கிறது. மட்டமான பொருள், வேறென்ன. மாமா இருந்தால் ஊதித் துடைத்து ஒரே நிமிடத்தில் சரிசெய்திருப்பார். மாதா கோயில் திருவிழாவில் பலூன் சுடுகிற கடைக்காரன், ஒரு பலூனும் மிஞ்சாது என்ற பயத்தில், மாமாவைப் பார்த்ததுமே, "நைனா, உனக்குத் துப்பாக்கி கெடியாது, போய்க்கினே இரு" என்பான், ஞாபகம் இருக்கிறதா?

மாமா என்று எழுதிவிட்டேன். அதனால் இதையும் எழுதுகிறேன். துரத்தியதற்கும் சாவி வாங்கியதற்கும் என்ன வித்தியாசம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு நான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட் லாஞ்ச் படகிலிருந்து வந்த ஆள் முன்னால் அவரைக் குடிகாரன் என்றாய். பழைய பழக்கம் இருந்தது உண்மை. ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து நான் அவர் கூடவே இருந்தேன். அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. அதைச் சொல்ல வந்தபோது, "உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ" என்றாய். போய்விட்டேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

ராசையா

ராயபுரம்
16 ஏப்ரல் 2024

ராசையாவுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி பதினெட்டு, ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் இறங்குகிறேன். கீழே கடை இருந்த இடத்தில் இப்போது மகிழினி என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். அவளே காய்கறி வாங்கிக் கொடுக்கிறாள். நல்ல பெண், ஆனால் கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கத் தெரியாது.

ஸ்கோப்பைப் பற்றி. நான் சொன்னது வருவதற்குள் வாங்கிவிட்டாய். நம் அப்பா உயிரோடு இருந்தபோதும் நீ இப்படித்தான், வண்டி நிற்பதற்குள் குதிப்பாய். பேசின் பிரிட்ஜில் முட்டியைப் பேர்த்துக்கொண்ட தழும்பு இன்னும் இருக்குமே. வளைந்த கோட்டுக்குக் காரணம் அந்த ஸ்கோப்தான். மட்டமாகத் தேய்த்த லென்ஸில் கோடு வளையும். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு நான் எழுதிய மாதிரியே ஒன்று வாங்கு.

திருப்பி அனுப்பினால் கடைக்காரன் ஒப்புக்கொள்ள மாட்டான். நிரூபிக்க ஒரு வழி சொல்கிறேன். எங்கள் கடையில் தினமும் செய்தது. துப்பாக்கியில் குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களைத் தளர்த்தி, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே குழாயைக் கால் சுற்று சுற்று. குற்றம் லென்ஸில் இருந்தால் வளைவும் குழாயோடு கூடவே சுற்றி, இடப்பக்கத்திலிருந்து மேலே போகும். அதை எழுதி அனுப்பு, பணத்தைத் திருப்பித் தருவான்.

உன் மாமாவைப் பற்றி நீ எழுதியதற்கு ஒரு பக்கம் பதில் எழுதினேன். அதை இதனுடன் வைக்கவில்லை. அன்று அவர் குடிக்கவில்லை என்பதை நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. எனக்குத் தெரியும். எப்போது தெரிந்தது என்பதுதான் விஷயம். அதை இப்போது எழுத என்னால் முடியவில்லை.

உன் மாமாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறையிலிருந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். நீ வரவில்லை. உனக்கும் சேர்த்து உலை வைத்திருந்தேன்.

பிலோமி

7 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உலை வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரலாமா, வேண்டாமா என்று யோசித்தேன். பிறகு பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இப்போது நினைத்தால் அந்த பஸ் வராமலேயே இருந்திருக்கலாம்.

நீ சொன்ன மாதிரியே வாங்கிவிட்டேன். மூன்று ஒன்பது பவர், நாற்பது மில்லிமீட்டர், ஐம்பது கெஜம், விளக்கு கிடையாது. நல்ல பொருள். தூரத்து வேலிக் கம்பியெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கேட்டால் சிரிப்பாய். இதிலும் அதே வளைவு. அதே இடம், புள்ளிக்கு இடப்பக்கம். இரண்டு வேறு கம்பெனிக்காரர்கள் என்னை ஏமாற்றுவதற்கென்றே கூடிப் பேசியிருப்பார்கள் போலிருக்கிறது.

சுற்றியும் பார்த்தேன். பழையது, புதியது இரண்டையும். குழாய் சுற்றுகிறது, வளைவு சுற்றவில்லை. இருந்த இடத்திலேயே நிற்கிறது. இதை எழுதினால் எந்தக் கடைக்காரன் பணம் தருவான்?

போன சனிக்கிழமை கொஞ்சம் கலீஜாகிவிட்டது. ஐந்து முயல் தப்பியது. அது பழகிவிட்டது. முயலை நேராகப் பார்த்தால் காணோம், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் காது தெரிகிறது. அப்படி ஒரு காதைப் பார்த்துச் சுட்டேன். அது பண்ணைக்காரரின் நாய். குண்டு பக்கத்து மண்ணில் போய் விழுந்தது, நாய்க்கு ஒன்றும் இல்லை. அவர் ஒன்றும் திட்டவில்லை. நாயைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினார். வண்டியை எங்கள் வீட்டு வாசல்வரை ஓட்டிவந்தார். இறங்கும்போது, "கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்" என்றார். நேற்று, வருகிற சனிக்கிழமைக்காக உடுப்பை எடுத்து வைக்கப் போனேன், வண்டி வராது என்று தெரிந்தவள் மாதிரி டெபோரா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பவர் இன்னும் கூட உள்ளது ஒன்று வாங்கினால் சரியாகுமா? பன்னிரண்டு பவரில் ஒன்று விலை குறைத்துப் போட்டிருக்கிறான். நீ சொல்லாமல் இந்தத் தடவை வாங்கமாட்டேன்.

ராசையா

ராயபுரம்
24 மே 2024

அன்புள்ள ராசையா,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. நான் போனில் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். படித்து முடித்ததும் மகிழினியைக் கூப்பிட்டு அவள் போனில் உன்னிடம் பேசினேன். நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "இன்னாக்கா நீ, ஸ்கோப்பப் பத்திக் கேட்டா கண்ணப் பத்திச் சொல்ற? வூட்ல எல்லாம் நல்லாத்தான் தெரியுது. டிவி பாக்கறேன், பேப்பர் படிக்கிறேன். சும்மா பேஜாரு பண்ணாத." நான் கத்தினேன். நீ வைத்துவிட்டாய். கத்தினது என் தப்பு. எழுதும்போது எனக்குக் கத்த வராது, அதனால் எழுதுகிறேன். இந்தப் பக்கங்களை மகிழினி போனில் படம் எடுத்து டெபோராவுக்கு இன்றே அனுப்புகிறாள். தபாலிலும் போடுகிறேன்.

பன்னிரண்டு பவர் வாங்காதே. எதையும் வாங்காதே. இரண்டு கம்பெனி ஸ்கோப்பிலும் ஒரே இடத்தில் கோடு வளையாது. குழாயைச் சுற்றியும் வளைவு சுற்றவில்லை என்றால் அது குழாயில் இல்லை. நீ ஸ்கோப்பில் வைக்கிற வலது கண்ணில் இருக்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். அதனால்தான் டிவியும் பேப்பரும் சரியாகத் தெரிகின்றன. ஸ்கோப்பில் ஒரு கண்ணால் பார்க்கிறாய், அங்கே மறைக்க ஆள் இல்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன மாதம் எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்ட பக்கத்தை இப்போது எழுதுகிறேன்.

அந்த பைலட் லாஞ்ச் ஆள் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த பைனாகுலரை உன் மாமா முதல் தடவை சரியாகத்தான் பூட்டினார். நான் மாடியில் பார்த்துச் சரி சொன்னேன். அதன் பிறகு அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, கிரேனின் கை வளைந்து தெரிகிறது என்று மறுபடி கழற்றினார். மூன்று தடவை கழற்றிப் பூட்டினார். மூன்றாவது தடவை உள்ளே பிரிசம் கண்ணாடி நகர்ந்து, ஒரு கப்பல் இரண்டாகத் தெரிந்தது. அந்த வாரத்தில் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். படியில் தடுக்கினார். பழைய பழக்கத்தை மறுபடி தொடங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். பொருளைக் கேட்டு லாஞ்ச் ஆள் வந்து நின்றபோது, நீ வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, அவர் என்னிடம் வந்து சொன்னார்:

"பிலோமி, கொயாவச் சுத்திப் பாத்துட்டேன். வளைவு சுத்த மாட்டேங்குது. அதே எடத்துலயே நின்னுகினு கீது."

மெல்லத்தான் சொன்னார், உனக்குக் கேட்டிருக்காது. நான் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "குடிச்சா உலகமே சுத்துமே, உங்களுக்கு வளைவு மட்டும் சுத்தலையா?" லாஞ்ச் ஆள் சிரித்தார். நான் கையை நீட்டினேன். உன் மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ராசையா, அவர் என்னிடம் நோயைத்தான் சொன்னார். வைத்தியரிடம் சொல்ல வேண்டிய அதே வார்த்தைகளில் சொன்னார். குழாயைச் சுற்றுவது என்ன சோதனை, அதற்கு என்ன அர்த்தம் என்று ராயபுரத்தில் அவரை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் எங்கள் கடையில் கோடு வளைந்தால் குற்றம் கண்ணாடியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிய கையில் இருக்க வேண்டும். பார்க்கிற கண்ணைச் சந்தேகப்படுகிற வழக்கமே எங்களுக்கு இல்லை. அவருக்கும் இல்லை. அதனால்தான் மூன்று தடவை கழற்றினார்.

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் பேசினால் எனக்குப் பக்கத்தில் இருக்கும் கதவைப் பார்ப்பார், காலண்டரைப் பார்ப்பார். வீம்பு என்று நினைத்தேன். எனக்கும் வீம்பு உண்டு. நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் சோற்றை வைத்தேன். இரண்டு வருடம் இப்படிப் போனது.

பிறகு பேப்பர் படிக்க முடியவில்லை என்றார். கல்மண்டபத்தில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் ஷாரிக்கிடம் அழைத்துப்போனேன். பவர் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். ஷாரிக் கட்டம் போட்ட ஒரு தாளை அவர் முன்னால் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லிக் கேட்டான். பிறகு என்னிடம், "ஆன்ட்டி, ரெண்டு கண்ணுலயும் நடுப்பக்கம் போயிடுச்சு. ஆரம்பத்துலயே பெரிய டாக்டர்கிட்ட போயிருந்தா ஊசி போட்டு நிறுத்தப் பாத்திருப்பாங்க. கோடு வளையுதுன்னு சாரு ஒருத்தர்கிட்டகூடச் சொல்லலையா?" என்று கேட்டான்.

நான், "சொல்லவில்லை" என்றேன்.

உன் மாமா இரண்டு அடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போது, வழக்கம்போல என் தோளுக்கு அந்தப் பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனுக்கு ஒன்மேல கோவம்லாம் இல்ல பிலோமி. நேராப் பாத்தா நீ காணாமப் பூடற. ஓரமாப் பாத்தாத்தான் கீற."

நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஷாரிக் சொன்னதையே அவர்களும் சொன்னார்கள். அதன் பிறகு ஒரு வருடம் இருந்தார். கடைச் சாவியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இனிமே" என்று சன்னலில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. கீழ்வீட்டுக்கு மகிழினி வந்தபோது பூட்டை மாற்றிவிட்டேன். சாவியை எடுக்கவில்லை.

நீ திருவொற்றியூரில் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது. நான் முதல் கடிதத்தில் எழுதிய திருத்தத்தை அடித்துவிடு. துரத்தினேன். அவர் மாடியில் என்னோடுதான் இருந்தார் என்று எழுதினேன் அல்லவா? அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மார்ச்சில் நீ வளைவைப் பற்றி எழுதியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மறுபடியும் கண்ணாடியைத்தான் குற்றம் சொன்னேன். உன்னையும் திட்டினேன், மட்டமான பொருள் வாங்கினாய் என்று. குழாயைச் சுற்றச் சொன்னதுகூடக் கடைக்காரனிடம் பணம் வாங்குவதற்காகத்தான். என்னால் உனக்கு ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. ஒருவர் விஷயத்தில் செய்த தப்பை இன்னொருவர் விஷயத்தில் அப்படியே செய்திருக்கிறேன். "நேராகப் பார்த்தால் காணோம், தள்ளிப் பார்த்தால் காது தெரிகிறது" என்று நீ முயலைப் பற்றி எழுதிய இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மகிழினியைக் கூப்பிட்டேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திட்டவில்லை, கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

இதனுடன் கட்டம் போட்ட தாள் ஒன்று வருகிறது. கணக்கு நோட்டில் கிழித்து, நடுவில் மையால் புள்ளி வைத்திருக்கிறேன். தாள் வந்து சேரும்வரை காத்திருக்காதே. உங்கள் குளியலறையில் டைல்ஸ் இருக்கும். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு, ஒரு டைல்ஸின் மூலையை நேராகப் பார். சுற்றியுள்ள கோடுகள் நெளிந்தாலோ, ஒரு கட்டம் காணாமல் போனாலோ அன்றைக்கே டெபோராவை அழைத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போ. குறி தப்புகிறது என்று சொல்லாதே, அவர்கள் சிரித்துவிட்டுக் கண்ணாடியை மாற்றுவார்கள். "நேர்க்கோடு வளைந்து தெரிகிறது, சில மாதமாக" என்று சொல். எல்லா வகைக்கும் மருந்து இல்லை. ஒரு வகைக்கு ஊசி இருக்கிறது, அதுவும் சீக்கிரம் போனால்தான். உனக்கு எது என்று எனக்குத் தெரியாது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். வாழ்நாளில் முதல் தடவையாக நான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டு. இந்தத் தடவை அங்கே இருந்தது நாய். சாவியை டெபோராவிடம் கொடு. நீயே கொடு. அவள் கையை நீட்டும்வரை விடாதே. நீட்டிய கையில் சாவியை வைப்பது எப்படி இருக்கும் என்று உன் மாமா முகத்தில் பார்த்தேன். அதை நீ பட வேண்டாம்.

பண்ணைக்காரரிடம் உள்ளதைச் சொல்லிவிடு. வண்டியில் இடம் சுடுகிறவனுக்கு மட்டும்தான் என்று அவர் சொன்னதாக நீ எழுதவில்லை. அது நீயாக நினைத்துக்கொண்டது. அவர் சொன்னது ஓய்வு எடுத்துக்கொள் என்பதுதான். உன் குறி ஏன் தப்பியது என்று அவருக்குத் தெரியாது, பாவம். எனக்கும் ஒருவருடைய காரணம் தெரியாமல்தான் போனது. நீ சொன்னால் தெரிந்துகொள்வார்.

போனில் கேட்டால், "ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லிவிடுவாய். எழுதும்போது நீ பொய் சொன்னதில்லை. பொய் வந்தால் கிழித்துவிடுகிறவன் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆகவே தாள் வந்ததும் புள்ளியைப் பார்த்து, கோடு எங்கே வளைகிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போடு. வலது கண்ணுக்கு ஒரு வட்டம், இடது கண்ணுக்கு ஒன்று. இடது கண்ணுக்கு இல்லை என்றால் இல்லை என்று எழுது. டாக்டர் என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் அடியில் எழுது. டெபோராவை எழுதச் சொல்லாதே. உன் கையால் எழுதி, அந்தத் தாளையே எனக்குத் திருப்பி அனுப்பு.

உன் அக்கா,
பிலோமி